மாமனார் தலையில் பூத்த அபூர்வ வியாதி

புதிதாகப் பரீட்சை தேறி வந்த டாக்டரின் கண்ணில் சாதாரண வியாதி எதுவும் படாது. இருமிக்கொண்டு வருகிறவரிடம் வெறும் சளி என்று சொல்ல அவனுக்கு மனசே வராது. அவன் படித்த தடித்த புத்தகத்தில் சளிக்கு அரைப் பக்கம்தான். உலகத்திலேயே நாலு பேருக்கு வந்த வியாதிக்கோ வர்ணப் படத்தோடு ஒரு அத்தியாயம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரைச் சிம்மக்கல்லில் போர்டு மாட்டி உட்கார்ந்தபோது நானும் அந்த ரகம்தான். (போர்டைப் பார்த்து உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் பக்கத்துப் புளி மண்டிக்கு வழி கேட்டவர்கள்.)

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சோழவந்தானுக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சின்னச்சாமி மாமாவின் ஒரே மகள் அங்கம்மாதான் பெண். பெண் பார்க்கப் போனபோது அவள் தலை நிமிரவில்லை. நான் பார்த்தது வகிட்டை மட்டும்தான். ஆனாலும் அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. (தலைத் தோலில் எனக்கு அப்போதே ஒரு ஈடுபாடு இருந்திருக்க வேண்டும்.)

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமா வீட்டு வில்வண்டி என் வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, மொதலாளி தலையில என்னமோ போட்டிருக்கு. கையோட கூட்டியாரச் சொன்னாக" என்றார் வண்டிக்காரர். சம்பந்தி வீடாயிற்றே என்று என் தாயாரும் ஏறிக்கொண்டார்.

போய் இறங்கினால் மாமா வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. விஷயம் இதுதான்: மகளுக்கு வரன் அமைந்தால் முடி இறக்குவதாக மாமா அழகர்கோவிலுக்கு வேண்டியிருந்தார். முந்தின நாள் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு, மதுரைக்கு வந்து கல்யாண ஜவுளி எடுத்து, உச்சி வெயிலில் வண்டியில் வீடு திரும்பியிருக்கிறார். வந்து பார்த்தால் மண்டை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அம்மை கண்டுவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டி வேப்பிலை வைத்துவிட்டார்கள். அம்மை கண்டவருக்குத் தலையில் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள் அல்லவா? அதனால் அந்தத் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. (இதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நான் கவனிக்கவில்லை.)

"காச்சல் இல்ல மாப்ள. பசியும் நல்லா எடுக்குது. அம்மைன்னா இப்புடியா இருக்கும்? அதான் ஆள் அனுப்புனேன்" என்று தலையைக் காட்டினார் மாமா.

காய்ந்த சந்தனத்தின்மேல் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. நெற்றியிலிருந்து பிடரி வரை வரிசை பிசகவில்லை. எந்தத் தோல் வியாதியும் இப்படி நூல் பிடித்த மாதிரி நிற்காது. புத்தியுள்ளவன் சந்தேகப்பட்டிருப்பான். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வியாதி! அதற்கு என் பெயரையே வைத்துவிடுவார்கள் என்றுகூட நினைத்தேன்.

"ரொம்ப அபூர்வமான வியாதி மாமா" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, படித்திருந்த இரண்டு வியாதிகளின் பெயர்களை ஒட்டுப்போட்டு நீளமாக ஒன்றைச் சொன்னேன். "இது ரத்தத்துலேர்ந்து கிளம்புறது. வழிவழியா பிள்ளைகளுக்கும் வரலாம்."

என் தாயார் எழுந்து நின்றார்.

"கெளம்புடா. வம்சத்துக்கே வாரதுன்னு நீயே சொல்லிட்ட. இந்த வீட்டுல பொண்ணெடுத்து, எம் பேரப்பிள்ளைக மண்டையெல்லாம் இப்புடிப் பூக்கவா? வண்டியப் பூட்டச் சொல்லு."

என் கல்யாணத்தை நானே என் வாயால் நிறுத்திவிட்டிருந்தேன். கொடிக்காலில் ஒரு அதட்டலில் அத்தனை ஆட்களையும் வேலை வாங்குகிற மாமா, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோலையே உரிச்சாலும் சரி மாப்ள, இத வெட்டி எடுத்துருங்க. எம் மக கல்யாணம் மட்டும் நிக்கக் கூடாது."

அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் புகழாசை இருந்த இடம் தெரியாமல் போனது. ஒரு புள்ளியை மட்டும் வெட்டிச் சென்னைக்கு அனுப்பலாம், அங்கே இருக்கிறவர்களாவது ஒன்றுமில்லை என்று சொல்லட்டும் என்று தீர்மானித்தேன். தாயாரைக் கெஞ்சி உட்கார வைத்தேன். கத்தியைக் கொதிநீரில் போட்டுவிட்டு, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, வெட்டப்போகிற இடத்தை அழுத்தித் துடைத்தேன். பஞ்சு சிவந்துவிட்டது.

"ரத்தமா மாப்ள?"

"ஆமா மாமா, அசையாதீங்க" என்றேன். (கத்தி இன்னும் சட்டியில்தான் வெந்துகொண்டிருந்தது.)

துடைத்த இடத்தில் புள்ளியைக் காணவில்லை. பக்கத்துப் புள்ளியைத் துடைத்தேன். அதையும் காணவில்லை.

அப்போது உள்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "அப்பா, நேத்து வெயிலுக்குத் தலையில எதைக் கட்டிட்டு வந்தீக?"

"ஒனக்கு எடுத்த சுங்குடிச் சேலையத்தான் சுத்திக்கிட்டேன். ஏன்த்தா?"

கதவிடுக்கு வழியாக ஒரு வளையல் கை சேலையை நீட்டியது. புத்தம் புதுச் சிவப்புச் சுங்குடி. சாயம் போடுமுன் துணியில் நூல் சுற்றிப் போடும் முடிச்சுகள் இன்னும் அவிழ்க்கப்படாமல் வரிசை வரிசையாகப் புடைத்து நின்றன. ஒரு பக்கம் முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தது. வெயிலில் வேர்த்த மொட்டையில் ஒவ்வொரு முடிச்சும் தன் சாயத்தை அச்சுக் குத்தியிருந்தது. கதவுக்குப் பின்னால் அடக்க மாட்டாத சிரிப்பு. அங்கம்மாவின் சிரிப்பை நான் முதலில் கேட்டது அப்படித்தான்.

"இதத் தொடச்சுப் பாக்கத் தெரியலையா? என்னத்தடா படிச்ச?" என்ற தாயார், வாசல் பக்கம் திரும்பி, "மாட்ட அவுத்துக் கட்டச் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவமானம் என்ன பெரிய அவமானம்? கல்யாணம் நிற்கவில்லை!

மாமாவோ தலையைத் தடவிக்கொண்டு, "கத்தியக் காச்சிட்டீக, சும்மாவா போவீக?" என்றார். "பிடரிக்கு மேல ஒரு கழலை ரொம்ப வருசமாக் குடுமிக்குள்ள கெடக்கு. நல்லாத் தொடச்சுப் பாத்துட்டு, போகலைன்னா எடுத்துருங்க."

துடைத்தேன். போகவில்லை. மரத்துப்போக ஊசி போட்டுக் கீறினேன். கொட்டைப்பாக்கு அளவில், பை கிழியாமல் முழுசாக வந்தது. அதைச் சோழவந்தான் சந்தையில் மாமா அளந்த அளப்பில், தலையில் கட்டியும் கழலையுமாக ஜனங்கள் சிம்மக்கல்லைத் தேடி வந்தார்கள். பிற்பாடு நிஜமாகவே அபூர்வமான தலைத்தோல் வியாதிகள் சிலவற்றுக்கும் கத்தி வைத்திருக்கிறேன். ஆனால் முதலில் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்காமல் எந்தத் தலையையும் தொட்டதில்லை.

அங்கம்மா அந்தச் சேலையை மறுவீட்டுக்குக் கட்டிக்கொண்டாள். சந்தன வாசனை ரொம்ப நாள் போகவில்லை. அந்தக் கதை இன்னும் போகவில்லை.

போன மாதம்கூட எனக்குப் பார்வை மங்கலாகத் தெரிந்தது. கண்புரைதான், பட்டணத்தில் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கம்மா வந்து, என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து மறுபடி மாட்டிவிட்டாள்.

எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. முதலில் தெரிந்தது அவள் சிரிப்பு.