உரசல் ஐயாவும் ஆளில்லாத தெருவும்

காஞ்சிபுரத்தில் எங்கள் சபையார் ஆண்டவருக்குப் பயந்தார்களோ இல்லையோ, உரசல் ஐயாவுக்குப் பயந்தார்கள். ஆராதனை முடிந்தால் எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் வெளியேறுவோம். ஏனென்றால் முன்வாசலில் அவர் நிற்பார்.

ஒரு பட்டுக் கடையில் ஜரிகையின் தரம் பார்ப்பது அவர் தொழில். இழையைக் கறுப்புக் கல்லில் ஒரு உரசு உரசி, வெள்ளியா, வெறும் முலாமா என்று சொல்லிவிடுவார். அதோடு விட்டிருக்கலாம். மனுஷர் கிறிஸ்தவர்களையும் உரச ஆரம்பித்ததுதான் வினை. வெளியூரிலிருந்து வந்து உருக்கமாகப் பிரசங்கம் செய்த ஒரு போதகரை வாசலில் மடக்கி, "பிரசங்கம் ஷோக்கா இருந்துதுங்க. பேசறதுக்கு முன்னால ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார். அந்தப் போதகர் மத்தியானச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார்.

நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அவர் வீட்டின் பின்கட்டு அறையில் குடியேறிய புதிது. வயது இருபத்து மூன்று. முதல் நாளே என்னைக் கல்லில் போட்டார்.

"இரட்சிக்கப்பட்டியாப்பா?"

"நாங்க நாலு தலைமுறையா கிறிஸ்தவங்க ஐயா. எங்க அப்பா சபைக்குச் செயலாளர்."

"அது உங்க அப்பா கணக்கு. நீ கடைசியா எப்போ உன் சொந்த வார்த்தையில ஆண்டவர்கிட்ட பேசினே?"

யோசித்தேன். "எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் அன்னிக்குங்க."

"அதுக்கு முன்னால?"

"எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை அன்னிக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். "நீ போவ மாட்டேப்பா. சொல்லிட்டேன்."

எங்கே போவது என்று எங்கள் சபைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் ஒருநாள் எக்காளம் முழங்க வருவார். தம்மை உள்ளபடி அறிந்தவர்களை மட்டும் கண் இமைக்கும் நேரத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மற்றவர்கள் இங்கேயே கிடந்து சீரழிய வேண்டியதுதான். சின்ன வயதிலிருந்து கேட்ட சங்கதிதான். ஆனால் 'நீ போவ மாட்டே' என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் கண் விழித்ததும் முன்கட்டில் அவர் இருமுகிறாரா என்று காது கொடுப்பேன். இருமல் கேட்டால், அப்பாடா, வருகை இன்னும் இல்லை. அவரே இருக்கிறாரே!

அந்த வைகாசியில் வரதராஜர் கோயில் கருட சேவை வந்தது. கருட சேவை என்றால் பெருமாள் வரும் பெரிய வீதியில் ஊரே நிற்கும். உரசல் ஐயா வருஷா வருஷம் அந்தச் சந்தடி வேண்டாமென்று முதல் நாளே வாலாஜாபாத்தில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த வருஷம் நான்கு நாள் காய்ச்சல். கிழமையும் தெரியாமல், தேதியும் தெரியாமல் மாத்திரை மயக்கத்தில் கிடந்தார்.

விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். என் கதவு இடிபட்டது.

"தம்பி! உள்ளே இருக்கிறியா?"

"இருக்கேங்க ஐயா."

வெளியே அலறல்.

"ஐயையோ, இருக்கிறானே!"

கதவைத் திறந்தேன். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ இல்லப்பா. அடுப்புல இட்லிப் பானை கொதிச்சிக்கினு இருக்குது. செருப்பு வாசல்லயே கெடக்குது. ஆளக் காணோம்!" அவள் என்றது அவர் மனைவி எஸ்தர் அம்மாவை. சபையில் ஒரு பூச்சிக்கும் தீங்கு நினைக்காத பெண்மணி. முதலில் போகிறவர் அவர்தான் என்று எனக்கே தெரியும்.

தெருவுக்கு ஓடினோம். விடியலிலிருந்து அடைகிறவரை தறிச் சத்தம் ஓயாத தெரு அது. ஒரு தறிகூட ஓடவில்லை. எதிர்வீட்டு முதலியார் வீட்டில் கதவு திறந்து கிடந்தது. தறியில் பாதிச் சேலை இருந்தது, நெய்கிறவரைக் காணோம். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் எக்காளம்போல் நீளமாக ஒரு ஊதல் கேட்டது.

"முதலியாருமா ஐயா?"

"அவரும் பூட்டாருப்பா! தெனம் விபூதி பூசுற மனுஷன்! அவரக்கூட ஆண்டவருக்குத் தெரிஞ்சிருக்குது. என்னத் தெரியல!"

முந்தின நாள் முழுக்க ஆபீசில் கருட சேவையைப் பற்றித்தான் பேச்சு. உள்ளூர் விடுமுறை என்றுதான் நானே அந்நேரம்வரை தூங்கினேன். ஆனால் அது ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. பயம் வந்துவிட்டால் குமாஸ்தா என்ன, கலெக்டர் என்ன? வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "முப்பது வருஷமா ஊரையெல்லாம் கேட்டேன். ஒவ்வொருத்தனும் தேறுவானான்னு பாத்துக்கினே இருந்தேன். அவர்கிட்ட குந்தி ரெண்டு வார்த்த பேசினேனா? இல்லப்பா. எனக்கு நேரமே இல்ல."

சட்டென்று என் கையைப் பிடித்தார். காய்ச்சலில் அவர் கை கொதித்தது.

"ஆண்டவரே," என்றார். கண்ணைக்கூட மூடவில்லை, எதிரே நிற்கும் ஆளிடம் பேசுவதுபோல் பேசினார். "பயமா இருக்குது. உன்னாண்ட எப்படிப் பேசறதுன்னு தெரியல. என்ன வுட்டுட்டே, சரி, எனக்கு வேணும். இந்தப் புள்ள பாவம். நான்தான் இவன மெரட்டி வச்சிட்டேன். இன்னும் ஒரு எடம் இருந்தா இவன இட்டுக்கினு போய்டு. நான் இங்கியே இருந்துக்கறேன்."

நானும் ஏதோ உளறினேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. பரீட்சைக்காகவும் இல்லை, ரிசல்ட்டுக்காகவும் இல்லை, அவ்வளவுதான்.

"இன்னா ரெண்டு பேரும் வாசப்படியில குந்திக்கினு அழுவுறீங்க?"

எஸ்தர் அம்மா! கூடவே முதலியார் வீட்டம்மா, இடுப்பில் பேத்தியோடு.

உரசல் ஐயா எழுந்துபோய் மனைவியின் தோளைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். தெருவில் நின்று ஒரு புருஷன் பெண்டாட்டியைத் தொடுவது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். "நீ பூட்டேன்னு நெனச்சேன்டி" என்றார்.

"இட்லிய அடுப்புல வச்சிட்டு நான் எங்க போவேன்? தெருமுனையில கருட சேவை ஜனத்தப் பாக்கலாம் வான்னு இவங்க கூப்ட்டாங்க. கூட்டத்துல செருப்பு தொலைஞ்சிடும்னு கழட்டிட்டுப் போனேன். அஞ்சு நிமிஷம் ஆச்சா?" என்றவர், மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஐயோ, பானை!" என்று உள்ளே ஓடினார். அன்றைக்கு இட்லி அடிப்பிடித்து, புகை வாசனையோடுதான் தின்றோம்.

ஒரு வாரம் அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சபையே கவலைப்பட்டது. அப்புறம் பழையபடி முன்வாசலுக்கு வந்துவிட்டார். ஆனால் கேட்டு முடித்ததும், "நானும் தெனம் பேசிப் பாக்கறேம்ப்பா, கஷ்டமாத்தான் இருக்குது" என்று சேர்த்துக்கொள்வார்.

எனக்கு இப்போதும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. என் விஷயம் எப்படியோ போகட்டும். உலகமே முடிந்துவிட்டது என்று நம்பிய நேரத்தில், தனக்கென்று ஒன்றும் கேட்காமல் பின்கட்டுக் குமாஸ்தாவுக்கு இடம் கேட்ட மனுஷர் அவர். அவரை மேலே இருக்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா என்ன?