பதிலடி வாத்தியார்

தாமிரபரணிக் கரையில் அன்றைக்கு வாத்தியாரிடம் அடி வாங்காமல் வளர்ந்த பிள்ளை ஒருவனும் கிடையாது. ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த பிள்ளைகள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான். அதுவும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். எங்கள் வகுப்பு வாத்தியாருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. பதிலடி வாத்தியார் என்றால் ஊருக்கே தெரியும். புளிய விளாரால் நம் உள்ளங்கையில் ஒன்று வைப்பார். கை எரிந்துகொண்டிருக்கும்போதே விளாரை நம்மிடம் கொடுத்துவிட்டுத் தம் கையை நீட்டுவார்.

"இப்ப ஒன் முறைலே. நான் அடிச்சது ஞாயம்னா பைய அடி. அநியாயம்னா ஓங்கி அடி."

எந்தப் பயல் அந்த வயதில் ஞாயம் பார்த்தான்? நான் ஓங்கித்தான் அடித்தேன். அவர் கையை உதறிக்கொண்டு, "கையில தெம்பு இருக்குலே, கணக்குலதான் இல்ல" என்றார். ஒருவன் வாத்தியாரை அடிக்கமாட்டேன் என்று அழுது, அதற்காகவே இன்னொரு அடி வாங்கினான். தலைமை வாத்தியார் கூப்பிட்டுக் கண்டித்தார். "வாங்கினாத்தானய்யா எவ்வளவு வலிக்கும்னு தெரியும்" என்று பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். வலி தெரிந்த மனிதர் அடிக்காமலே இருந்திருக்கலாமே என்று கேட்கிறீர்களா? எனக்கும் அந்த ஆத்திரம் இன்றுவரை உண்டு.

பிள்ளைகளைச் சேர்க்க வரும் தகப்பன்மார் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். தங்கையா என்ற பையனின் அப்பா பனையேறி. அவரும் கருப்பட்டிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்கய்யா" என்றார். வேறு வாத்தியாராக இருந்தால் சிரித்துவிட்டுப் போவார். இவர் எழுந்து நின்று, "கண்ணைத் தொடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

தங்கையாவுக்கு ஒரு காது சிறுவயதிலேயே சீழ் பிடித்துச் செவிடாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் படிப்பை நிறுத்திப் பனங்காட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அவனுக்குப் படிப்பென்றால் உயிர்.

ஒருநாள் வாத்தியார் அந்தக் காதுப் பக்கம் நின்று அவனைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். அவன் சிலேட்டிலேயே கண்ணாக இருந்தான். "திமிராலே?" என்று பாய்ந்தவர், விளாரைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல், நல்ல காதோடு சேர்த்துக் கையாலேயே ஓர் அறை விட்டார். பிறகு விளாரை எடுத்துக் கொடுத்து, வழக்கம்போல் கையை நீட்டினார்.

"ஒன் முறைலே. அடி."

தங்கையா அவர் வாயையே பார்த்தான். "என்னய்யா சொல்லுதீய? ஒண்ணுமே கேக்கலையே" என்றான். அவன் தோளில் ரத்தம் சொட்டியது.

நீட்டின கை நீட்டினபடியே நின்றது. மிஷன் ஆஸ்பத்திரியில், போன காது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

சேதி கேட்டுத் தங்கையாவின் அப்பா நடந்தே வந்து சேர்ந்தார். வாத்தியார் வகுப்பு முன்னாலேயே விளாரை அவரிடம் கொடுத்துக் கையை நீட்டினார். "அடிங்கய்யா. ஓங்கி அடிங்க." அந்த மனிதர் விளாரை மேசைமேல் வைத்துவிட்டு, மகனை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, இமையை விரித்துப் பார்த்தார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டீய" என்று கும்பிட்டார். கேலியில்லை, குத்தலில்லை. நிஜமாகவே கும்பிட்டார். பையனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பதிலடி வாத்தியார் எங்கள் முன்னால் வாய்விட்டு அழுதார். அதற்குப் பிறகு யாரையும் அடித்தவரில்லை. சனிக்கிழமைதோறும் சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பனங்காட்டுக்கு நடந்துபோய், தங்கையாவுக்கு எழுதிக் காட்டியே பாடம் நடத்தினார். பாடம் முடிந்ததும் கையை நீட்டுவாராம். தங்கையா ஒருநாளும் அடித்ததில்லை. அந்தக் கையில் ஒரு நுங்கை வைத்துவிட்டுப் போய்விடுவானாம். அதையும் தண்டனை என்றே நினைத்து அவர் தின்று தீர்ப்பாராம்.

அவரை மன்னிக்கக்கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பிள்ளையை அடிக்க ஓங்கினால், நடுவில் அந்த நீட்டின கை வந்து நிற்கிறது. ஐயா, இப்போது நீட்டினால் பிடித்துக்கொள்வேன்.