நாலு மணிக்காரர் பற்றி ஒரு திருத்தம்

நமது வானொலிச் சங்கத்தின் மாத மடல் ஆசிரியர் அவர்களுக்கு,

அம்மடலில் உரிமச் செய்திகள் பகுதியை ஒன்பது ஆண்டுகளாக எழுதிவரும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காளும் நலம். அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும், போன மாதக் காற்றில் சாய்ந்த தங்கள் ஆன்டெனாவும் நலம்தானா என அறிய ஆவல். ஆசிரியருக்கு எழுதுவதால் ‘தாங்கள்’ போட்டிருக்கிறேன். மைத்துனன் என்பதால் நடுவில் ‘நீ’ என்று வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

போன மடலின் முதல் பக்கத்தில் நான் எழுதிய செய்தி நினைவிருக்கும். அந்தக் காலத்தில் காகிதத்தில் கொடுத்த ஆயுட்கால உரிமங்கள் இனிச் செல்லாது, வீட்டில் கருவி வைத்து வானொலியில் பேசுகிற நம்மைப் போன்ற ஒவ்வொருவரும் தொலைத்தொடர்புத் துறையின் இணையதளத்துக்குப் போய், அன்றைக்கு எடுத்த முகப் படத்தோடு, காற்றலையில் தன்னை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியை உறுதி செய்ய வேண்டும், தவறினால் அது பறிபோகும், கடைசி நாள் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தேன். எல்லாம் சரி, கடைசி வரியைத் தவிர. கடைசி நாள் பதிமூன்று.

இது எனக்குத் தெரிந்தது ஒன்பதாம் தேதி. நம் உறுப்பினரான பள்ளிப் பேருந்து ஓட்டுநர், கண்ணாடியில் திருகாணி கழன்றுவிட்டது என்று கடைக்கு வந்தார். திருகாணியை நான் தேடிக்கொண்டிருக்கும்போது, “அண்ணே, மடல்ல முப்பத்தொண்ணுன்னு இருக்கு, இணையதளத்துல பதிமூணுன்னு இருக்கே” என்றார். “இணையதளக்காரனுக்கு என்ன தெரியும், நான் சுற்றறிக்கையைப் பார்த்து எழுதினவன்” என்று சொல்லிவிட்டு, சுற்றறிக்கையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் படித்தார். பிறகு என்னைப் படிக்கச் சொன்னார். இடது கண்ணை மூடிக்கொண்டு படித்தேன். பதிமூன்று. அச்சகத்துப் பிழை என்று உடனே சொன்னேன். அச்சகம் உன்னுடையது என்பதால் அந்தக் குற்றச்சாட்டை அன்று சாயங்காலமே வாபஸ் வாங்கிக்கொண்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் பிடித்தது ஓட்டம். சங்கத்தில் என்னைத் தவிர நாற்பத்தாறு பேர். நாற்பத்து நான்கு பேருக்கு எப்படியோ தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டேன். மீதி இரண்டு பேரின் எண்கள் பழைய பதிவேட்டில் இருந்தபடியே செத்துக் கிடந்தன. முகவரி மட்டும் இருந்தது. ஆகவே பன்னிரண்டாம் தேதி கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். முதலில் போனது ‘இடி’ வீட்டுக்கு. அவர் வானொலியில் நடக்கும் நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசினால் நம் ஒலிபெருக்கி அதிருமே, அந்த இடி. கதவைத் திறந்தவர் என் தோளுயரம்கூட இல்லை. “அப்பா இருக்காரா?” என்று கேட்டுத் தொலைத்தேன். “நான்தாங்க” என்றார். அந்தக் குரலில் மாடிப்படிக் கைப்பிடி நடுங்கியது. அவரை உட்கார வைத்துப் படம் எடுத்தால், கண்ணாடியில் வெளிச்சம் அடித்து ‘முகம் தெளிவாக இல்லை’ என்று இணையதளம் பதினோரு முறை திருப்பி அனுப்பியது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கழற்றினால் அவருக்குக் கேமரா எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, சுவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கண்ணாடியை ‘வெளிச்சம் அடிக்காது’ என்று உத்தரவாதம் கொடுத்து, ஆளைப் பார்க்காமலே தபாலில் விற்ற கடை எது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

அங்கிருந்து நாலு மணிக்காரர் வீட்டுக்குப் போனேன். தேதி விஷயத்தை முந்தாநாளே அவருக்குத் தட்டிச் சொன்னேன், ‘பார்க்கலாம்’ என்று மழுப்பிவிட்டார், அதனால் நேரில் போய்ப் படம் எடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். மச்சான், இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். நாலு மணிக்காரரை உனக்கும் தெரியும். தினமும் சாயங்காலம் சரியாக நாலு மணிக்கு அலைவரிசைக்கு வருவார். வாயால் பேசமாட்டார். மோர்ஸில், புள்ளியும் கோடுமாகத் தட்டித்தான் பேசுவார். இருபத்தாறு வருடமாக எனக்கு அவர் சிநேகம். ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. கடையில் கூட்டம் இல்லாத நேரம் அது. பின்னறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் தட்டிக்கொண்டிருப்போம். வெயில், கால் வலி, வீட்டு விஷயம். யாரிடமும் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லலாம், ஏனென்றால் முகம் தெரியாது.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது ஓர் அம்மாள். எழுபது வயதிருக்கும், நிமிர்ந்த முதுகு. “சார் இருக்காரா?” என்றேன்.

“அவர் போய் நாலு வருஷமாச்சு” என்றார்.

“எப்ப திரும்பி வருவார்?” என்று கேட்டேன்.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. வீடு மாறி வந்துவிட்டேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். நாலு மணிக்காரரோடு நான் முந்தாநாள்தான் பேசியிருக்கிறேன். “உரிம விஷயமா வந்தேன். வேற யாரோ போலிருக்கு, மன்னிக்கணும்” என்று திரும்பினேன்.

“உள்ள வாங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க” என்று உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் தம்ளரை வாங்கப் போய், அதற்கு அரை விரல் இடதுபுறம் காற்றைப் பிடித்தேன். அவர் தம்ளரை என் கையில் வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்: “இடது கண்ணு இப்ப எப்படி இருக்கு?”

என் இடது கண்ணில் புரை விழுந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. ஊருக்கெல்லாம் கண் பார்த்து எழுதிக் கொடுக்கிறவன் தனக்கே தெரியவில்லை என்று எப்படி வெளியே சொல்வான்? உன் அக்காளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தேன், அதுவும் வாயால் சொல்லவில்லை. தம்ளரைக் கீழே வைத்தேன். “நீங்களா?” என்றேன்.

“நான்தான்” என்றார்.

அவர் நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சராக இருந்தவர். கணவர் அடுத்த அறையில் தட்டத் தட்ட, இவர் காதில் விழுந்து விழுந்து, யாரும் சொல்லிக் கொடுக்காமலே அத்தனையும் புரிய ஆரம்பித்துவிட்டது. புரிகிறதென்று கணவரிடம் இவர் சொல்லவில்லை. “சொல்லியிருந்தா என்னைப் பத்திப் பேசுறதை நிறுத்தியிருப்பார்” என்றார். மச்சான், அந்த மனுஷர் என்னிடம் சொன்னதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. சாப்பாட்டில் உப்பில்லை, சொன்னால் முகத்தைத் தூக்குகிறாள், இன்றைக்கு மூன்றாவது நாளாகப் பேச்சில்லை. “நீங்க ‘எங்க வீட்லயும் இதே கதைதான்’னு சொல்வீங்க” என்று அந்த அம்மாள் எனக்கே எடுத்துக் கொடுத்தார். இதை உன் அக்காளிடம் சொல்லாதே.

கணவர் இறந்து இரண்டு வாரம் கழித்து, சங்கத்துக்காரர்களுக்குத் தகவல் சொல்வோம் என்றுதான் முதல் முறையாக அந்தக் கருவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தொலைபேசி எண் எதுவும் கையில் இல்லை. கணவரின் அழைப்புக்குறியைத் தட்டியிருக்கிறார். உடனே பதில் சொன்னவன் நான். “நீங்க விடவே இல்ல. ‘என்ன, ரெண்டு வாரமா ஆளையே காணோம், காய்ச்சலா?’ன்னு கேட்டீங்க. ஆமான்னு தட்டிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன்.” பிறகு, “அவர் போயிட்டார்னு தெரியாத ஆள் உலகத்துல ஒருத்தராவது இருக்கட்டுமேன்னும் இருந்துச்சு” என்றார்.

நாலு வருடம். நான் ஒரு மடையன், மச்சான். மோர்ஸில் குரல் கிடையாது, ஆனால் கைக்கு நடை உண்டு. நாலு வருடத்துக்கு முன்னால் அவருடைய கை திடீரென்று சுத்தமாகிவிட்டதை நான் கவனித்தேன். புள்ளி புள்ளியாக, கோடு கோடாக, அச்சடித்த மாதிரி. நல்ல கண்ணாடியாக மாற்றியிருப்பார், அதுவும் வேறு கடையில் போய் மாற்றியிருக்கிறாரே என்று வருத்தப்பட்டேன்.

எனக்குச் சங்கத்துப் புத்தி விழித்துக்கொண்டது. “அம்மா, இது பெரிய தப்பு. உரிமம் இல்லாதவங்க கருவியைத் தொடுறதே குற்றம். அதுலயும் இறந்தவர் பேர்ல” என்றேன். “தெரியும். போன வருஷ மடல்ல நீங்களே எழுதியிருந்தீங்க. நல்லா எழுதியிருந்தீங்க” என்றார்.

அப்போது சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி ஆனது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுத்த அறையில் இருந்த கருவியைத் திரும்பிப் பார்த்தோம். பேச வேண்டிய இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், பேச்சு வரவில்லை. தினமும் அரை மணி நேரம் பேசின மனுஷியிடம் ‘வெயில் அதிகம்’ என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவர்தான் சாப்பாட்டு மேசையில் விரல் நகத்தால் தட்டினார்: நலமா? நான் தட்டினேன்: நலம். கண் மட்டும் சரியில்லை. அவர் தட்டினார்: பயமா? நான் தட்டினேன்: ஆம். அரை மணி நேரம் அப்படியே போனது. மேசையில் தட்டுவதற்கு உரிமம் தேவையில்லை. வீட்டுக்கு வந்து விதிகளை எடுத்து ஒரு முறை சரிபார்த்தும்விட்டேன்.

கிளம்பும்போது ஒரு முடிவுக்கு வந்தோம். மறுநாளே இறப்புச் சான்றிதழோடு உரிம அலுவலகம் போய்த் தெரிவிப்பது, அந்த அம்மாள் தேர்வு எழுதிச் சொந்த உரிமம் வாங்குவது. பதிலுக்கு அவர் ஒரு நிபந்தனை போட்டார். “நான் பரீட்சை எழுதுறேன். நீங்க கண் டாக்டர்கிட்ட போகணும்.” சரி என்றேன்.

பதிமூன்றாம் தேதி அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். கேள்வி கேட்பார்கள், விலங்கு மாட்டுவார்கள் என்று இரவெல்லாம் புரண்டது நான். அந்த அம்மாள் சாதாரணமாக இருந்தார். எழுத்தர் சான்றிதழைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், “ரொம்ப லேட்டாச்சே” என்றார். “ஆமாங்க, மனசு வரல” என்றார் இவர். எழுத்தர் முத்திரை குத்தி, இன்னொரு நகல் கேட்டார். அவ்வளவுதான்.

தேர்வு வேறு கதை. புதிய விதிப்படி மோர்ஸ் தேர்வை எடுத்துவிட்டார்கள் என்பதை நானே போன மடலில் வரவேற்று எழுதியிருந்தேன். சங்கத்திலேயே நன்றாக மோர்ஸ் தட்டுகிற ஆளுக்கு அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. மின்சாரமும் மின்தடையும் அவருக்குச் சுட்டுப் போட்டாலும் வரவில்லை. பத்து நாள் கடைப் பின்னறையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் அவர் தன் வழியில் போனார். கேள்விப் புத்தகம் முழுவதையும் மூன்று தடவை தட்டச்சு செய்துவிட்டார். “மனசுல நிக்கலை, விரல்ல நிக்குது” என்றார். தேறிவிட்டார். ‘உரிமதாரர் இறந்தால் எத்தனை நாளில் தெரிவிக்க வேண்டும்’ என்று ஒரு கேள்வி வந்ததாம். விடை தெரியும், அதை எழுதும்போது மட்டும் எழுத்து கோணிப்போனது என்றார்.

கணவரின் அழைப்புக்குறியையே குடும்பத்தார் கேட்டு வாங்கிக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. படிவத்தை நானே நிரப்பி எடுத்துப் போனேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார். “அது அவரோடது. நாலு வருஷம் எடுத்துப் பேசியாச்சு. இனிமே எனக்குன்னு ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க.” புதுக் குறி வர ஒரு மாதம் ஆகும். அதுவரை நாலு மணிக்கு அந்த அலைவரிசையில் இரைச்சல்தான் கேட்கிறது. நான் கருவியைப் போட்டு, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது ஆசிரியரான தங்களுக்கு என் கோரிக்கை. முதலில், தேதி தாண்டிவிட்டாலும் பிழை பிழைதான் என்பதால், இணைத்திருக்கும் திருத்தத்தை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடவும்: ‘முப்பத்தொன்று என்பதைப் பதிமூன்று என்று திருத்திப் படிக்கவும்.’ அடுத்து, நாலு மணிக்காரருக்கு ஓர் இரங்கல் செய்தி போட வேண்டும். இறந்த தேதியைப் போட்டால், நாலு வருடமாக நாம் பேசியது யாரோடு என்று நாற்பத்தைந்து பேரும் கேட்பார்கள். நீயே போன மாதம் அவரிடம் ஆன்டெனாவுக்கு யோசனை கேட்டாய். தேதி போடாவிட்டால் அது என்ன இரங்கல் செய்தி? மூன்று நாளாக யோசிக்கிறேன், தெரியவில்லை. நீ படித்தவன், முடிவு செய். என் கண் விஷயம் உனக்குள் இருக்கட்டும். பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகள் கண்ணாடி வாங்கும் கூட்டம் ஓயட்டும், பிறகு டாக்டரிடம் போகலாம் என்றிருக்கிறேன். உன் அக்காளிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் ஆன்டெனா நிமிர்ந்து நிற்கவும், தங்கள் வீட்டுப் பேச்சில் இரைச்சல் குறையவும் வாழ்த்தும்,

தங்கள் அக்காள் வீட்டுக்காரன்,
உரிமச் செய்திகள் பகுதி.

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் கவரைக் குடுத்தார். ஒட்டிட்டேன்னு சொன்னார், பசை பூரா மேசையில இருந்துச்சு. அதனால படிச்சுட்டேன். அந்தத் திருத்தத்தைப் போடாத. கடைசித் தேதியை வருஷக் கடைசி வரைக்கும் தள்ளி வச்சுட்டாங்களாம், பஸ் ஓட்டுறவர் நேத்து வந்து சொல்லிட்டுப் போனார். இவர்கிட்ட சொன்னா மறுபடியும் நாற்பத்தஞ்சு பேருக்கு போன் போடுவார்னு நான் இன்னும் சொல்லல. இரங்கல் செய்தியில தேதியைப் போடு. அப்புறம் தட்டினது யாருன்னும் போடு, ஆனா முதல்ல அந்த அம்மாவைப் போய்ப் பார்த்துக் கேட்டுட்டுப் போடு. கண்ணு விஷயம் எனக்கு ஆறு மாசமா தெரியும். வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஆபரேஷனுக்கு இடம் சொல்லி வச்சிருக்கேன். காலையில ஏழுக்கெல்லாம் வண்டியோட வந்துடு. புது ஃப்ரேம் சரக்கு பார்க்கப் போறோம்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். கேட்டா நீயும் அதையே சொல்லு.