நீலக் கட்சியும் சூட்டுக் கட்சியும்

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். உங்கள் தங்கையும் நானும் உடம்புக்குச் சௌக்கியம். மூளைதான் நேற்றிலிருந்து தள்ளாடுகிறது.

என் மகள், அதாவது உங்கள் செல்ல மருமகள், பெரிய தொலைநோக்கியில் அடுத்த வருஷத்துக்கு நேரம் கேட்டு நேற்று அரங்கில் பேசினாள். கிடைக்காவிட்டால் அவள் வேலையே ஆட்டம் கண்டுவிடும் என்பதால் நானும் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். நமக்கு அக்கம்பக்கத்து விண்மீன் மண்டலங்களில் சில, நட்சத்திரங்களைக் குவியல் குவியலாகப் பெற்றுத் தள்ளுமாம். புதிதாகப் பிறந்தவை நீலமாக மின்னுவதால், நீல ஒளியை வைத்தே இவள் அந்த மண்டலங்களைத் தேடிப் பிடிக்கிறாள். "இந்த மாதிரி மண்டலமெல்லாம் சின்னதா, தூசி இல்லாம, துப்புரவா இருக்கு" என்றாள். உடனே, அதே நேரத்துக்குப் போட்டியாக வந்திருந்த தாடிக்காரர் எழுந்து, "தூசிக்குள்ள பிறந்தா நீலம் வெளியவே தெரியாதுங்க. தூசிதான் சூடாகும். நான் அந்தச் சூட்டை வச்சுத் தேடறேன். எனக்குக் கிடைச்சதெல்லாம் பெருசு, ஒன்னோட ஒன்னு மோதிக்கிட்டு, தூசி மண்டிக் கிடக்கு" என்றார். ஒரு விஷயம் எனக்கே புரிந்துவிட்ட சந்தோஷத்தில் பலமாகக் கைதட்டிவிட்டேன், மச்சான். தட்டியது நான் ஒருவன்தான். மகள் பார்த்த பார்வையில் சட்டை இஸ்திரி கலைந்துவிட்டது.

தலைமை தாங்கிய அம்மாள், "ரெண்டு பேர் பிடிச்சதையும் ஒரே வான் படத்துல போடுங்க" என்றார். போட்டால், இருவருக்கும் பொதுவாக ஏதோ கொஞ்சம்தான்! மகள் திரையையே பார்த்து நின்றாள். திடீரென்று அவளே சிரித்தாள். "நான் நீலத்தைத் தேடினேன், நீலமா கிடைச்சுது. நீங்க சூட்டைத் தேடினீங்க, தூசியா கிடைச்சுது. ரெண்டு பேருமே, எல்லாம் இப்படித்தான்னு அடிச்சுச் சொல்லிட்டோம்!" தாடிக்காரர், "அப்ப சேர்ந்தே கேப்போமா?" என்றார். கேட்டார்கள், அங்கேயே கொடுத்துவிட்டார்கள்! அரங்கமே கைதட்டியது. நான் மட்டும் பயந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். மகள் இறங்கி வந்து, "இப்ப தட்டுங்கப்பா" என்றாள். தட்டினேன், கண் நிறைந்துவிட்டது.

இரு கட்சியும் இன்று நம் வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டன. இனி நிம்மதி. நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் சண்டை போட்டாலும் சேர்ந்தே இருக்க என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: நிம்மதி என்று எழுதியதை அடித்துவிடவும். ரேடியோ அலையை வைத்துத் தேடுகிறவராம், ஒரு பெண்மணி இப்போதுதான் வந்து, "நீங்க ரெண்டு பேரும் விட்டது எவ்வளவோ இருக்கு" என்கிறார். மகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்று பேரும் கூடத்தில் கத்துகிறார்கள். உடனே புறப்பட்டு வாருங்கள். நாற்காலி போதவில்லை, வரும்போது இரண்டு கொண்டுவரவும்.