ஆறு வாய்ப்புக்குள் ஒரு பெயர்

"உங்கள் முதல் காதல் யார்?"

செல்போன் திரையில் வந்த கேள்வியை லிஃப்ட் மெக்கானிக் வாய்விட்டுப் படித்திருக்கக் கூடாது. எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது.

"யாரு கேக்கறது?"

"போன்தான். பாஸ்வேர்டு மறந்துபோச்சுல்ல, இதுக்குப் பதில் சொன்னாத்தான் பழைய ஈமெயில் திறக்குமாம்."

மகள் பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போனது வரைக்கும் எல்லாப் படங்களும் அந்த ஈமெயிலில்தான் இருந்தன. பிரவுசிங் சென்டரில் கணவனும் மனைவியும் ஒரே நாற்காலியில் ஒண்டி உட்கார்ந்து, மகளின் செல்லப் பெயரில் திறந்த முகவரி. பல வருடங்களாக யாரும் எட்டிப் பார்க்காத கணக்குகளை இன்று மாலை ஆறு மணிக்கு அழித்துவிடுவார்களாம். இப்போது மணி ஐந்து.

"போனா போகுது, விடுங்க" என்றாள் மனைவி.

"எப்படி விடறது? முதல்ல ஃபிலிம் ரோல். கேமரா பின்மூடியைத் திறந்தா வெளிச்சம் பட்டு முப்பத்தாறு படமும் காலி. அப்புறம் சிடி. கீறல் விழுந்தா காலி. அப்புறம் பென் டிரைவ்..."

"அதைச் சட்டைப் பையோட வாஷிங் மெஷின்ல போட்டீங்க."

"அதனாலதான் இதுல ஏத்தினேன். இது கீறாது, நனையாது."

"திறக்கவும் திறக்காது."

"அது பூட்டோட குணம். லிஃப்ட்ல ஏதாவது ஒரு மாடியில கதவு சரியா மூடலைன்னாலும் வண்டி நகராது. ஏன்னா எல்லாக் கதவுப் பூட்டும் சேர்ந்தாத்தான் மோட்டாருக்கு வழி கிடைக்கும். அதே மாதிரி இங்கே..."

"பாடம் அப்புறம். பதிலைப் போடுங்க."

ஆறு வாய்ப்புகள் இருந்தன. மனைவியின் பெயரைத் தட்டிவிட்டு, அவள் பார்க்கும்படி பெருமையாகப் போனைத் திருப்பினார்.

தவறு.

"உன்னைச் செல்லமாக் கூப்பிடற பேரைப் போட்டிருப்பேன்" என்று அவசரமாக அதையும் போட்டார்.

தவறு. நான்கு வாய்ப்புகள் மீதம்.

"அப்போ நான் இல்லை" என்றாள் மனைவி, வெகு நிதானமாக.

இருபத்தெட்டு வருட சர்வீஸில் கேபிள் அறுந்து அவர் பார்த்ததில்லை. அறுவதற்கு முந்தைய நொடி இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

"சும்மா சொல்லுங்க. குழந்தை படம் போயிடக் கூடாதுல்ல?"

அந்தக் கரிசனத்தை நம்பினார். "காலேஜ் பஸ்ல ஒரு பொண்ணு. ஒரு வார்த்தை பேசினதில்லை."

"பேசாமலே பேர் தெரியுமா?"

"நோட்டு அட்டையில இருந்தது."

தட்டினார். தவறு.

"அடுத்தது?"

"அடுத்ததா?"

"இன்னும் ஒண்ணு இருக்குன்னு மூஞ்சியே சொல்லுது."

"ஸ்டூடியோவுல... ஃபிலிம் கழுவக் கொடுத்தா ரசீது எழுதித் தருமே, அந்தப் பொண்ணு. அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி."

"ஓ! அதான் முப்பத்தாறும் எடுத்து முடிக்கிறதுக்குள்ள ரோலைத் தூக்கிட்டு ஓடுவீங்களா?"

"ஈரக்காத்துல ஃபிலிம் கெட்டுடும்மா! அதுல இருக்கற ரசாயனம்..."

"ரசாயனத்தைப் பத்திப் பேசாதீங்க. அந்தப் பேரைப் போடுங்க."

தவறு. இரண்டு வாய்ப்புகள்.

மணி ஐந்து நாற்பது. வேலையிலிருந்து வந்த மகள், தோள்பையைக்கூட இறக்காமல் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"நீ போய் முதல்ல முகம் கழுவு" என்றாள் அம்மா.

"என் படம்மா! இரு, பார்க்கறேன்."

மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். "இருபத்தஞ்சு வருஷம்! ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, என்கிட்டயே ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

"தப்புத்தான். இனிமே உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன். போதுமா?" என்று அவர் கிட்டத்தட்டக் கைகூப்பினார்.

மகள் திரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா, இங்க சின்ன எழுத்துல உன் பேர்தான் இருக்கு, இது நீ திறந்த கணக்கு, அப்பா பேரைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் தப்புங்குது, இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கு, நீயே சொல்லிடு."