ஜெட் லாக்ஸ் அணிக்கு நான் போர்த்திய பொன்னாடை

மைக் கிடைத்தால் விடமாட்டேன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். விடுவதற்கு முதலில் கையில் கிடைக்க வேண்டுமே! அந்தச் சம்பவம் நடந்தபோது ஆக்லாந்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் துணைச் செயலாளராக இருந்தேன். எனக்கு ஒதுக்கப்பட்டது நன்றியுரை. அதாவது, பிரியாணி அண்டாவைத் திறந்த பிறகு பேசுகிற வேலை. காலி நாற்காலிகளுக்கும், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு குடைக்கும் பலமுறை உளமார நன்றி சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, ஒரு முழு அரங்கத்தின் முன்னால் பேச முடியுமா என்று ஒருவர் கேட்டபோது, அது என்ன ஆட்டம் என்றுகூட நான் விசாரிக்கவில்லை.

கேட்டவர், என் மனைவி கோமதி சேர்ந்திருந்த ரோலர் டெர்பி லீக்கின் தலைவி. காலில் சக்கரம் கட்டியவள் என்று பேச்சுக்குச் சொல்வோம். இங்கே நிஜமாகவே கட்டிக்கொண்டு, வட்டமாக ஓடி, ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுவார்கள். (தீபாவளிக்கு முந்தின வாரம் தி.நகரில் துணி எடுத்தவர்களுக்கு விதிகள் ஏற்கெனவே தெரியும்.) எல்லோருக்கும் ஒரு களப்பெயர் உண்டு. தலைவி பகலில் பல் மருத்துவர், களத்தில் 'ப்ரூட் கெனால்'. மலேசியாவின் கிள்ளானில் பிறந்து, மங்கரேயில் விமானச் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் கோமதி 'கோ மேட் டீ' ஆகிவிட்டாள். மாமனார் ஆசையாக வைத்த பெயரை மூன்றாக வெட்டி நடுவில் 'மேட்' என்று பைத்தியத்தை வைத்துவிட்டார்களே என்று எனக்கு வருத்தம். கோமதி அந்தச் சட்டை வந்த அன்று அதைப் போட்டுக்கொண்டே சமைத்தாள்.

பத்து மாதம் பயிற்சி எடுத்தாள். தகுதித் தேர்வில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினாள். எங்கள் ஃப்ரீசரில் இருந்த பட்டாணிப் பாக்கெட் குருமாவுக்கு அல்ல, அவள் முட்டிக்கு. லீக்கின் ஆண்டு விழாவில், இரண்டு மணிக்குப் பெரிய ஆட்டம். அதற்கு முன்னால் புதியவர்களுக்கு என்று இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். அதுதான் அவளுடைய முதல் ஆட்டம். என் பேச்சையும் அந்த இருபது நிமிடத்துக்குள்ளேதான் செருகியிருந்தார்கள்.

"லீக்கின் வரலாறு, மூன்று அணிகளின் அறிமுகம். இரண்டே நிமிடம்," என்று தலைவி ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார்.

"ரெண்டு நிமிஷம்னா ரெண்டு நிமிஷம்தான் லா," என்றாள் கோமதி காரில். "என் கேம் டைம்லேருந்துதான் எடுக்கிறாங்க. புரிதா?"

"ஆமா, ஆமா," என்றேன். மடியில் பதினோரு பக்கம் இருந்தது.

உண்மையில் அந்த வரலாறு நாலு வரிதான். ஒனிஹங்காவில் காலியாகக் கிடந்த ஒரு கம்பளக் கிடங்கில் ஐந்து பெண்கள் ஆரம்பித்தார்கள். துணி காயப்போடும் கயிற்றை வட்டமாகத் தரையில் ஒட்டி, இதுதான் களம் என்றார்கள். கூட்டம் சேர்ந்ததும் மூன்று அணி ஆயிற்று. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் பயிற்சிக்குத் தாமதமாக வந்தவர்கள் 'லேட் டிரெயின்ஸ்'. மங்கரேயில் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வந்தவர்கள் 'ஜெட் லாக்ஸ்', கோமதியின் அணி. துறைமுகப் பாலத்து நெரிசலில் வெறுத்துப்போய்த் தனியே பிரிந்த கிளென்ஃபீல்ட் பெண்கள் 'ஃபெரி கோட்மதர்ஸ்'. (ஃபெரி என்றால் படகு. தேவதைக்கான ஆங்கிலச் சொல்லும் ஏறக்குறைய அப்படித்தான் ஒலிக்கும். இதை விளக்க மட்டும் என் உரையில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். ஆங்கிலேயர்களுக்குத் தெரியாமல் போய்விட்டால்?)

ஆட்டத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வரலாறு எழுதுகிறவனுக்கு அதெல்லாம் எதற்கு?

பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனேன். சங்கத்து அலமாரியிலிருந்து மூன்று பொன்னாடைகளையும் எடுத்துக்கொண்டேன். (எத்தனையோ பிரமுகர்களின் தோளைப் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் அலமாரிக்கே திரும்பி வந்தவை.) ஒலிபெருக்கிக்கு எங்கள் சங்கத்து சிவம் அண்ணையையே அழைத்துப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். யார் பேசினாலும் நிறுத்தத் தெரியாத நல்ல மனிதர் என்று நினைத்திருந்தேன்.

"மரியாதைக்குரிய தலைவி ப்ரூட் கெனால் அவர்களே," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். நடுவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் களப்பெயர், ஏழு பேருக்கும் 'அவர்களே'. அதிலேயே நாலு நிமிடம் போனது. அடுத்து, சக்கரத்தை நம் முன்னோர்கள் எப்படி உருட்டினார்கள் என்று தொடங்கினேன். ஐந்தாம் பக்கத்திலும் தேர்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒனிஹங்கா கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

அப்போதுதான் கோமதியைப் பார்த்தேன். களத்தில் வரிசையாக நின்றவர்களுக்கு நடுவிலிருந்து என்னையே முறைத்தபடி, இரண்டு கைகளாலும் இடுப்பில் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

வேட்டி! அவசரத்தில் பெல்ட் போடாமல் வந்திருந்தேன்.

இடது கையால் இடுப்பை இறுகப் பற்றிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தேன். கோமதிக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணும் இடுப்பில் தட்டினாள். பிறகு ஜெட் லாக்ஸ், எதிரணியான லேட் டிரெயின்ஸ் இரண்டுமே தட்டின. பிறகு நடுவர்கள், பிறகு பார்வையாளர்களில் பாதிப் பேர். எங்கள் மகள் நிலா நிகழ்ச்சிக் கையேட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருவனின் மானத்தில் இத்தனை பேருக்கு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன். இந்த நாட்டு மக்களின் அன்பைப் பற்றி, எழுதி வராத ஒரு பகுதியை அங்கேயே சேர்த்துக்கொண்டேன்.

மைக்கை மறைத்துக்கொண்டு, "அண்ணே, வெளியே தெரியுதா?" என்று சிவம் அண்ணையிடம் கிசுகிசுத்தேன்.

"ஓம், எல்லாம் வடிவாத் தெரியுது. கெதியா முடியும் ஐசே!"

'கெதியா முடியும்' என்றால் சீக்கிரம் முடிச்சுப் போடச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். மைக்கை அக்குளில் செருகிக்கொண்டு, வேட்டி முனையில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். அந்த இடைவெளியில் அவர் மைக்கின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார். மின்வெட்டில் வளர்ந்தவனிடம் இது பலிக்குமா? குரலை உயர்த்தினேன். ஆனாலும் வேட்டி பயம் இருந்ததால், நேரே பொன்னாடைக்குத் தாவினேன்.

ஜெட் லாக்ஸில் ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்டிருந்த பெண்ணை அழைத்தேன். (நட்சத்திரம் இருந்தால் தலைவர்தானே? இல்லையாம். புள்ளி எடுக்க ஓடுகிற ஆட்டக்காரிக்கு அது அடையாளம், ஜாமர் என்பார்களாம்.) போர்த்தினேன், கும்பிட்டேன். நம் ஊரில் பொன்னாடை போர்த்திக்கொண்ட பிரமுகர் மெதுவாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். சக்கரத்தில் கிளம்பமாட்டார். அந்தப் பெண் கிளம்பினாள். ஜரிகை முந்தி சக்கரத்துக்குள் போனது. அவள் விழ, அவளைப் பிடிக்க வந்த இரண்டு லேட் டிரெயின்ஸ் விழ, மூவரும் சேர்ந்து நேரக் கணக்கர் மேசையைச் சாய்த்தார்கள்.

யாருக்கும் அடி இல்லை. ஆனால் சக்கரம் முழுக்க ஜரிகை. அன்றைக்கு அந்தச் சக்கரம் ஓடாது என்றார்கள். தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புதியவர்களின் ஆட்டத்துக்கு மிச்சம் இரண்டு நிமிடம் இருந்தது.

கோமதி என் பக்கத்தில் வந்து நின்றாள். "பத்து மாசம் லா," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கமாக இருந்தது. வேட்டி அவிழ்ந்து விழுந்திருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அதற்குள் தலைவி, விழுந்தவளின் ஹெல்மெட்டிலிருந்து நட்சத்திர உறையைக் கழற்றி வந்து கோமதியின் ஹெல்மெட்டில் மாட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

விசில் ஒலித்தது. பத்து மாதத்தில் முதல் தடவையாக என் மனைவி ஆடுவதைப் பார்த்தேன். லேட் டிரெயின்ஸ் நாலு பேர் சுவராக நின்றார்கள். மோதினாள். விழுந்தாள். பட்டாணிப் பாக்கெட் முட்டியை ஊன்றி எழுந்தாள். மறுபடி மோதி, உள்கோட்டின் ஓரமாக ஒற்றைக் காலில் நழுவி வெளியே வந்தாள். ஒரு நடுவர் அவளைச் சுட்டிக்காட்டி விசில் ஊதினார். அடுத்த சுற்றில் நாலு பேரையும் தாண்டினாள். நாலு புள்ளி! நான் கத்திய கத்தலுக்கு மைக் தேவைப்படவில்லை. எதிரணி ஜாமரும் எங்கள் சுவரைப் பிளந்துகொண்டு அவளுக்குப் பின்னால் வந்துவிட்டாள், இனி அவளும் புள்ளி எடுக்கலாம்.

அந்த நேரத்தில் கோமதி ஓடிக்கொண்டே திரும்பி, என்னை நேராகப் பார்த்து, இரண்டு கைகளாலும் இடுப்பில் தட்டினாள்.

படபடவென்று விசில். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அவளுக்கும் கழண்டுடுச்சா?" என்றேன் பதறிப்போய்.

சிவம் அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்டும் கழரேல்லை. முதல் வெளியில வாற ஜாமர் விரும்பின நேரம் ஆட்டத்தை நிப்பாட்டலாம். இடுப்பில தட்டினா 'போதும், நிப்பாட்டு' எண்டு அர்த்தம். கையேட்டில முதல் பக்கத்திலயே கிடக்கு. நீர் வாசிக்கேல்லையே?"

நாலுக்குப் பூஜ்ஜியம். லீக்கின் வரலாற்றிலேயே மிகக் குறுகிய ஆட்டம் அது. என் உரை மிக நீண்டது. இரண்டு சாதனையும் ஒரே குடும்பத்துக்கு.

ஏழு வருடம் ஆகிறது. கோமதி இப்போது ஜெட் லாக்ஸின் கேப்டன். களத்தில் அணியக் கூடாதவை என்று லீக் கொடுக்கும் காகிதத்தில், மோதிரம், கைக்கடிகாரத்துக்குக் கீழே 'பொன்னாடை' என்ற சொல் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. தமிழ் வளர்த்திருக்கிறேன். போன வருடம் கிள்ளானில் மச்சினன் கல்யாணத்தில் வாழ்த்திப் பேச எழுந்தேன். "பெரியோர்களே" என்று முடிப்பதற்குள் முதல் வரிசை மொத்தமும் இடுப்பில் தட்டியது. மணப்பெண்ணும் தட்டினாள். நிலா மட்டும் தட்டவில்லை, வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கோமதி தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தாள்.

"என் நாலு பாயிண்ட் வந்திருச்சா?"

"வந்துடுச்சு. இனிமேதான் அந்தப் பதினோரு பக்கத்துல நான் சொல்லாம விட்ட சக்கரத்தோட வரலாறு..."

திரும்பிப் பார்த்தேன். அவளுடைய இரண்டு கைகளும் இடுப்புக்குப் போய்விட்டன.