பாவு போட்ட தெருவில் ஒரு பிரேக்

பரீட்சைக்குக் கரைத்துக் குடித்த பாடம், தேவைப்படும் நேரத்தில் மட்டும் தலையை விட்டு இறங்கி எங்கோ டீ குடிக்கப் போய்விடுகிறது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த புதிதில் எனக்கு பிரேக் விஷயத்தில் இது நடந்தது.

அப்பா பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். லைசென்ஸ் என்னிடம்தான் இருந்தது. வாலாஜாபாத்தில் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவரை நான் ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. விடிந்ததும் விடியாததுமாக ஸ்டார்ட் செய்து காரைத் தெருவுக்கு எடுத்தேன். கீழ்க்கோடியிலிருந்து பக்கத்து வீட்டு நாதன் மாமா இரண்டு கையையும் ஆட்டினார். அன்று பாவு போட்டிருந்தார்கள்.

நெய்வதற்கான பட்டு நூலைப் பாவாகத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுவிட்டால், ஈரம் காயும் வரை எங்கள் தெருவில் யாரும் வண்டியைக் கிளப்ப மாட்டோம். புகையும் தூசியும் நூலில் ஒட்டிக்கொள்ளும். பைக்கானாலும் சந்து முனை வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அதுவும் அது என் சிநேகிதி கௌரியின் முகூர்த்தப் புடவைக்கான பாவு. ஊருக்கெல்லாம் நெய்கிற நாதன் மாமா தன் மகளுக்கென்று போட்டது. அறுந்தால், கல்யாணத்துக்குள் இன்னொன்று நெய்து முடிக்க நாளில்லை.

"ஆஃப் பண்ணிட்டேன் மாமா, அப்படியே உருட்டிக்கினு போயிடறேன்" என்று பெருந்தன்மையாகக் குரல் கொடுத்தேன்.

அப்பா இறங்கிப் பின்னால் தள்ளினார். தெரு லேசான சரிவு. பாவுக்கு முன்னாலேயே இருக்கும் சந்தில் திரும்பிவிட்டு இன்ஜினைப் போட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். கார் சத்தமில்லாமல் மிதந்தது. (சும்மா சொல்லக்கூடாது, எனக்குத் தேரில் போகிற மாதிரி இருந்தது.) நாய்க்காக ஒரு பிரேக், கோலத்துக்காக ஒரு பிரேக், கௌரி பார்க்கிறாள் என்பதற்காக ஒரு பிரேக்.

இன்ஜின் ஓடும்போது, நம் காலோடு சேர்ந்து பிரேக்கை அழுத்த உள்ளே ஒரு வெற்றிடம் உதவுகிறது. இன்ஜினை அணைத்தால் மிச்சமிருக்கும் உதவி இரண்டு மூன்று அழுத்தலுக்குத்தான் வரும். இதைப் பரீட்சையில் படம் போட்டு, பாகம் குறித்து எழுதியவள் நான்.

சந்து முனையில் பிரேக்கில் காலை வைத்தேன். பெடல் அம்மிக்கல் ஆகியிருந்தது. ஸ்டியரிங்கும் முரண்டு பிடிக்க, கார் சந்தில் திரும்பாமல் நேரே பாவை நோக்கி உருண்டது. பிரேக் போய்விட்டது என்று முடிவு கட்டி, உலகத்தில் எந்த இன்ஜினியரும் செய்யாத காரியத்தைச் செய்தேன். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். (ஹேண்ட்பிரேக்? அப்படி ஒன்று இருப்பது சாயந்திரம்தான் ஞாபகம் வந்தது.)

"அப்பா, பிரேக் இல்லபா!"

தள்ளிக்கொண்டிருந்தவர் அந்த நொடியே இழுக்க ஆரம்பித்தார். கண்ணாடியில் பார்த்தேன். டிக்கியின் விளிம்பைப் பிடித்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, புது வேட்டி அவிழ, ஒரு செருப்பு பின்தங்க, அந்த ஒல்லி மனிதர் ஒரு காரை இழுத்துக்கொண்டிருந்தார். முன்னால் கௌரி பாவின் முனையை மறைத்துக் கையை விரித்து நின்றாள். ஓடச் சொல்லிக் கத்தினேன்.

"நகர மாட்டேன்டி. நீ நிறுத்து" என்றாள்.

முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து, இரண்டு காலாலும் பெடலை மிதித்தேன். கார் நின்றது. பிரேக் எங்கும் போகவில்லை. என் பங்கு பலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பம்பருக்கும் கௌரியின் முழங்காலுக்கும் நடுவே ஒரு கை வைக்கலாம். அவளுக்குப் பின்னால் மாம்பழ நிறப் பட்டு, ஓர் இழைகூட அறாமல் காற்றில் லேசாக ஆடியது. நாதன் மாமா என்னைத் திட்டவில்லை. நேராகக் காருக்குப் பின்னால் போய், விழுந்து கிடந்த அப்பாவைத் தூக்கி நிறுத்தினார். அவருடைய சிவந்த உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையால புட்ச்சே காரை நிறுத்திட்டியேபா" என்றார்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. மறுக்கவில்லை.

அன்றிலிருந்து தெருவில் இதுதான் சரித்திரம். அந்தப் புடவையில் கௌரி மணமேடையில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை வீட்டாரிடம் மாமா அப்பாவை அறிமுகப்படுத்தியதே காரை நிறுத்தினவர் என்றுதான். காதுகுத்து, வளைகாப்பு, எதில் கூடினாலும் யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கார் இன்னும் கொஞ்சம் வேகமாக வருகிறது. சமீபத்தில் கேட்டபோது கிட்டத்தட்ட லாரியாக வளர்ந்திருந்தது. வெற்றிடம், அழுத்தம், என் இரண்டு கால் என்று விளக்க எனக்கு வாய் துறுதுறுக்கும். அதற்குள் யாராவது, "உன் பொண்ணு அப்போ இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?" என்று கேட்டுவிடுவார்கள்.

"பாவம், அதுவும் தன்னால முடிஞ்சத மிதிச்சுது" என்பார் அப்பா.

நான் தலையாட்டிவிட்டு, பாயசம் இன்னொரு டம்ளர் கேட்பேன்.